விரைந்த இடமும் நின்ற இடமும்

உம்ராவுக்குச் செல்லும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் அண்மை ஆண்டுகளில் புதிதாக ஓர் ஊர் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. மதீனா நகரிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள அல்உலா என்னும் பாலைப் பள்ளத்தாக்கே அது. சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வண்டியேறினால், கண்டு முடித்து அன்றிரவே மதீனாவுக்குத் திரும்பிவிடலாம். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி எனக் கடலூர் மாவட்டத்து ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற பிள்ளைகள் பலரும் விடுமுறை நாளில் அங்குப் போய் வருகிறார்கள். செம்பாறைகளின் நடுவே சிரித்தபடி நிற்கும் படங்களை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

படத்தைப் பார்த்த வீட்டுப் பெரியவர் கேட்கிறார்: "அது அதாபு இறங்கிய இடமாயிற்றே! அங்கே போய் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்பதா?" பிள்ளை பணிவாகவே விடையிறுக்கிறான்: "பூமியில் சுற்றிப் பாருங்கள் என்று குர்ஆன்தானே சொல்கிறது, அத்தா!"

இருவர் கையிலும் ஆதாரம் இருக்கிறது. இவ்வினா எளிதில் தீராமலிருப்பதற்கும் அதுவே காரணம். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறிருந்தது என்று பார்க்கும்படித் திருமறை ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் ஏவுகிறது. அதே வேளையில், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இதே நிலத்தைக் கடந்தபோது நடந்துகொண்ட முறை நமக்கு உறுதியான நபிமொழிகளின் வாயிலாக வந்து சேர்ந்திருக்கிறது. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது உலமாப் பெருமக்களின் துறை. அவர்களுக்கிடையிலும் இதில் கருத்து வேறுபாடு உண்டு. இங்கு நாம் எடுத்துக்கொள்வது வேறொரு வினா: ஓர் இடத்தைப் பார்ப்பது என்பது யாது? பார்ப்பவனிடம் அந்த இடம் எதைக் கேட்கிறது?

பாறை குடைந்தவர்களின் நிலம்

அல்உலாப் பள்ளத்தாக்கு அழகிய நிலம் என்பதில் ஐயமில்லை. இருபுறமும் செங்குத்தாய் எழும் மணற்கற் பாறைகள். காற்றும் மணலும் நெடுங்காலம் அரித்துத் தூண்களாகவும் வளைவுகளாகவும் செதுக்கிய வடிவங்கள். அவற்றின் காலடியில் பசுமையாய் நீளும் பேரீச்சந் தோப்புகள். ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் அல்ஹிஜ்ர் இருக்கிறது. மதாயின் ஸாலிஹ் என்று நாம் அறிந்த இடம் அதுவே. திருமறையின் 15ஆம் அத்தியாயம் இதன் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்குள்ள இத்லிப் குன்றின் குறுகிய இடுக்கினுள் நுழைந்தால், இருபுறமும் பாறைச் சுவர் உயர, தலைக்கு மேல் ஒரு கீற்று வானம் மட்டுமே தெரியும்.

பாறை முகப்புகளில் குடைந்த 111 பெருங்கல்லறைகளை ஆய்வாளர்கள் அங்கே எண்ணியிருக்கிறார்கள். அவற்றுள் 94 சிற்ப வேலைப்பாடு கொண்டவை. இவற்றை அமைத்தவர்கள் பெட்ராவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நபதேயர்கள் என்பதும், பெரும்பாலானவை கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதும் வரலாற்றாசிரியர் முடிவு. சமூது என்னும் பெயரோ அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது, கி.மு. எட்டாம் நூற்றாண்டு அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் கல்வெட்டுகளிலேயே அப்பெயர் காணப்படுகிறது. இன்று கண்ணில் படும் கல்லறைகள் பிற்காலத்தவை என்றாலும், ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் சமுதாயம் வாழ்ந்த நிலம் இதுவே என்பது முஸ்லிம்களின் தொன்றுதொட்ட வழக்கு. அண்ணலார் தம் தோழர்களுக்கு உணர்த்தியதும் அதுவே.

நெடுங்காலம் மக்கள் இந்நிலத்தை ஒதுங்கியே கடந்தனர். 1326ஆம் ஆண்டு திமிஷ்கு நகரிலிருந்து ஹஜ் கூட்டத்தோடு இவ்வழியே வந்த இப்னு பதூதா, யாத்திரிகர்கள் எத்துணைத் தாகத்தோடு வந்தாலும் அல்ஹிஜ்ரின் கிணற்று நீரைத் தொடுவதில்லை என்று குறித்து வைத்தார். பின்னாளில் மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரையையும் கண்டு சென்றவர் அவர். அந்த ஒதுக்கம் இன்றில்லை. 2008இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சவூதி அரேபியாவிலிருந்து அப்பட்டியலில் ஏறிய முதல் இடம் இது. 2019 செப்டம்பரில் அந்நாடு வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கெனத் தனி விசாவை அறிமுகப்படுத்தியது. இப்போது அல்உலாவில் இசை விழாக்கள் நடைபெறுகின்றன. கண்ணாடிச் சுவர் போர்த்த மராயா அரங்கம் பாலையின் நடுவே பளபளக்கிறது.

ஒரு பயணம், மூன்று பார்வைகள்

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கி.பி. 630. கடுங்கோடை. மதீனாவில் பேரீச்சங் கனிகள் பழுத்து, நிழலை விட்டு வெளியேற மனம் வராத பருவம். அந்த நாளில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பெரும்படையுடன் தபூக் நோக்கிப் புறப்பட்டார்கள். அல்ஹிஜ்ர் வழியில் இருந்தது.

அங்கு நிகழ்ந்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களின் இருப்பிடங்களுள் அழுதவர்களாகவே அன்றி நுழையவேண்டாமென்றும், அவர்களைப் பற்றியது உங்களையும் பற்றிவிடக்கூடும் என்றும் அண்ணலார் எச்சரித்தார்கள். பின்னர்த் தம் தலையைப் போர்த்திக்கொண்டு, வாகனத்தை விரைவாகச் செலுத்திப் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். அவ்வூர்க் கிணறுகளில் நீர் இறைத்து மாவு பிசைந்துவிட்ட தோழர்களிடம், அந்நீரைக் கொட்டிவிடும்படியும், பிசைந்த மாவை ஒட்டகங்களுக்கு இடும்படியும் பணித்தார்கள். ஒரே ஒரு கிணற்றை மட்டும் விலக்கிக் காட்டினார்கள். ஸாலிஹ் நபியின் பெண் ஒட்டகம் நீர் அருந்திய கிணறு அது. அதில் இறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பெரியவரின் ஆதாரம் இது. இதனோடு நிறுத்திக்கொண்டால், பார்ப்பதே கூடாது என்ற முடிவுக்கு ஒருவர் வந்துவிடலாம். ஆயின் அதே பயணத்தின் வேறிரு நிகழ்ச்சிகளும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் முழுப்படம் கிடைக்கிறது.

செல்லும் வழியில் படை வாதில் குரா என்ற இடத்தை அடைந்தது. அல்உலா அமைந்திருக்கும் பள்ளத்தாக்கையே அப்பெயரால் அக்காலத்தில் வழங்கினர் என்பர். அங்கே ஒரு பெண்மணி தம் தோட்டத்தில் இருந்தார். பேரரசொன்றின் படையை எதிர்நோக்கிச் செல்லும் தலைவர், அந்தத் தோட்டத்தின் அருகே நின்றார்கள். இம்மரங்களில் எவ்வளவு விளைச்சல் இருக்கும் என மதிப்பிடுங்கள் என்று தோழர்களைக் கேட்டார்கள்; தாமும் மதிப்பிட்டுப் பத்து வஸக் என்றார்கள். அறுவடையின்போது கணக்கு வைத்துக்கொள்ளுமாறு அப்பெண்மணியிடம் சொல்லிச் சென்றார்கள். தபூக்கிலிருந்து திரும்பி வருகையில் மீண்டும் அங்கே நின்று, உம் தோட்டம் எவ்வளவு தந்தது என்று கேட்டார்கள். பத்து வஸக் என்றே அவர் சொன்னார். இந்நிகழ்ச்சியை மதிப்பீடு பலித்த அற்புதமாகவே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். அதனினும் நெஞ்சைத் தொடுவது, திரும்பி வந்து கேட்டதாகும். போகிற போக்கில் கண்ட ஓர் எளிய பெண்ணின் விளைச்சல், அத்தனை நெடும்பயணத்துக்குப் பின்னும் அண்ணலாரின் நினைவில் இருந்தது.

மதீனா கண்ணில் பட்டதும் மூன்றாம் நிகழ்ச்சி. உஹுது மலையைக் கண்ட அண்ணலார், இம்மலை நம்மை நேசிக்கிறது, நாமும் இதனை நேசிக்கிறோம் என்னும் கருத்துப்பட மகிழ்ந்து கூறினார்கள். அருமைச் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களையும் எழுபதின்மர் அளவிலான தோழர்களையும் பறிகொடுத்த மலையடிவாரம் அது. ஆயினும் அதைப் பார்க்கையில் அன்னாரின் முகம் மலர்ந்தது.

ஆகவே, மலையின் அழகைக் கண்டு மகிழ்வது மார்க்கத்துக்கு ஆகாதது என்று எவரும் அஞ்சவேண்டுவதில்லை. பாறையும் இடுக்கும் அல்லாஹ்வின் படைப்பே. இஹ்யா உலூமித்தீன் எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பயண ஒழுக்கத்துக்கென அந்நூலில் தனிப்பகுதி வகுத்து, பூமியிலுள்ள இறை அத்தாட்சிகளைக் கண்டு அறிவு பெறுவதையும் பயணத்தின் நோக்கங்களுள் ஒன்றாக வைத்தார்கள். ஒரே பயணத்தில் அண்ணலாரின் பார்வை மூவகையாய் அமைந்தது: அழிந்தோரின் மாளிகை முன் தலைபோர்த்தி விரைந்தது, உழைப்போரின் விளைச்சல் முன் நின்று விசாரித்தது, மலையின் முன் அன்பால் மலர்ந்தது.

நம் நிலை என்ன? அண்ணலார் விரைந்த இடத்தில் நாம் மணிக்கணக்கில் நிற்கிறோம். அவர்கள் நின்ற இடத்தில் நாம் விரைந்துவிடுகிறோம். கல்லறையின் முகப்பைப் பத்துக் கோணங்களில் படம் பிடிக்கிறவர், பக்கத்துத் தோப்பில் வெயிலில் நின்று பாத்தி கட்டும் தொழிலாளியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பல வேளைகளில் அத்தொழிலாளியும் நம் நாட்டிலிருந்து சென்றவராகவே இருப்பார்.

வேடிக்கை பார்த்தவர்கள்

அழுதுகொண்டு நுழைவது என்றால் என்ன? கண்ணீரை வரவழைத்துக்கொள்வது மட்டும் அதன் பொருளாகாது. சமூது செய்த குற்றம் என்னவென்று நோக்கினால் இதற்கு விளக்கம் கிடைக்கும்.

பாறையைக் குடைந்தது அவர்களின் குற்றம் என்று திருமறை சொல்லவில்லை. சமவெளியில் மாளிகை எழுப்பவும் மலைகளைக் குடைந்து வீடு அமைக்கவும் பெற்ற திறனை அல்லாஹ்வின் அருட்கொடையாகவே எண்ணிப் பார்க்கும்படி ஸாலிஹ் நபி (அலை) அவர்கள் தம் மக்களுக்கு நினைவூட்டினார்கள். சோதனை வந்தது தண்ணீர் வடிவில். ஒட்டகத்துக்கு ஒரு நாள், ஊராருக்கு ஒரு நாள் என நீர் அருந்தும் முறை வகுக்கப்பட்டது. மலையைக் குடையும் வலிமை பெற்றவர்களால், வாயில்லா ஜீவன் ஒன்று தன் முறைக்குத் தண்ணீர் குடிப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒட்டகத்தின் கால் நரம்பைத் தறித்துக் கொன்றனர்.

தறித்தவன் ஒருவன். அல்கமர் அத்தியாயம் அவர்கள் தம் தோழனை அழைத்தார்கள் என்றும், அவன் முன்வந்து அச்செயலைச் செய்தான் என்றும் கூறுகிறது. அந்நம்ல் அத்தியாயம் அவ்வூரில் குழப்பம் விளைத்த ஒன்பது பேரைச் சுட்டுகிறது. ஆனால் அஷ்ஷம்ஸ் அத்தியாயத்தில் அச்செயல் பன்மையில் வருகிறது. அவர்கள் தறித்தார்கள் என்றே இறைவன் கூறுகிறான். தண்டனையும் ஊர் முழுவதையும் சூழ்ந்தது. ஊரார் அனைவரும் அதற்கு உடன்பட்டிருந்தனர் என்பதே திருமறை விரிவுரையாளர் தரும் விளக்கம்.

கத்தியைப் பிடித்த கை ஒன்று. சுற்றி நின்ற கண்கள் ஆயிரம். அந்தக் கண்களுக்குரியவர்கள், "நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே, பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்" என்று சொல்லியிருக்கக்கூடும். அச்சொல் அவர்களைக் காக்கவில்லை. தடுக்கும் நாவும் தடுக்கும் கையும் இருந்தும் பார்த்துக்கொண்டிருத்தல், அறத்தின் கணக்கில் ஒரு செயலாகவே எழுதப்படும்.

இத்தகையோர் வாழ்ந்த இடத்தை இன்று பார்க்கச் செல்கிறவன், அதே வேடிக்கை பார்க்கும் கண்ணோடு சென்றால் நிலைமை என்னவாகும்? அவர்கள் எந்தக் குணத்தால் அழிந்தார்களோ அதே குணத்தை அணிந்துகொண்டு அவர்களின் வாசலில் நிற்கிறான். அவர்களைப் பற்றியது உங்களையும் பற்றிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையின் ஆழம் இங்கே விளங்குகிறது. அழுகை என்பது, அந்த ஊரில் நான் இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பேன் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் அச்சமாகும். அந்த அச்சம் இல்லாத கண்ணுக்கு அல்ஹிஜ்ர் வெறும் கல்; அது இருக்கும் கண்ணுக்கு அல்ஹிஜ்ர் ஒரு கேள்வி. அல்ஹஜ் அத்தியாயம் பாழடைந்த கிணறுகளையும் உயர்ந்த மாளிகைகளையும் குறிப்பிட்டு, அதையடுத்தே, பார்வை இழப்பது முகத்திலுள்ள கண்ணன்று, நெஞ்சிலுள்ள இதயமே என்ற உண்மையை உணர்த்துவது எண்ணி எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் வாசலில் ஒரு பள்ளத்தாக்கு

இந்தக் கேள்வியை எதிர்கொள்ள அரபு நாட்டுக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது தமிழ் மரபு. மழை பொய்த்து வெயில் காய்ந்தால் காடும் மலையுமே பாலையாய்த் திரிந்துவிடும் என்னும் கருத்தை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் வைத்தார். நீர் விலகினால் எந்த நிலமும் பாலைதான். குறிஞ்சி என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய குறிஞ்சிப்பாடியும் இதற்கு விலக்கன்று.

குறிஞ்சிப்பாடிக்கு அண்மையில் மனிதன் தோண்டிய பெரும்பள்ளம் ஒன்று இருக்கிறது. 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே அதன் தொடக்கம். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. மறு ஆண்டில் மின்னுற்பத்தி தொடங்கியது. 50 மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அகற்றினால்தான் கரி கிடைக்கும். வாளிகள் கோத்த இராட்சதச் சக்கரங்கள் இரவு பகலாய் மண்ணை அறுத்தெடுக்க, படிப்படியாய் இறங்கும் அப்பள்ளத்தின் விளிம்பில் நிற்பவருக்கு அதுவும் ஒரு செம்மண் பள்ளத்தாக்காகவே தோன்றும். பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்து வியந்து பார்ப்பார்கள்.

வியப்பில் தவறில்லை. அந்தப் பள்ளம் தந்த மின்சாரம் பல மாநிலத்து வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறது. நம் பள்ளிவாசல்களில் விசிறி சுழலவும் ஒலிபெருக்கியில் பாங்கு கேட்கவும் அதுவும் ஒரு காரணம். ஆயிரக்கணக்கானோர்க்கு அது வாழ்வளித்தது. திறன் அருட்கொடை என்ற பாடத்தை முன்னரே கண்டோம்.

ஆனால் இந்தப் பள்ளத்திலும் கதை தண்ணீரில்தான் வந்து நிற்கிறது. நெய்வேலியில் கரிப் படுகையின் கீழே பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு நீர் மேலே பொங்கிவிடும். இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும், ஒரு பகுதி ஓடைகள் வழியே ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போகிறது. மறுபுறம், எங்கள் கிணறுகளில் நீர் கீழே போய்விட்டது என்பது சுற்றுப்புற உழவர்களின் நெடுங்கால முறையீடு. நிலம் கொடுத்துக் குடிபெயர்ந்த கிராமங்களின் இழப்பீட்டு வழக்குகளும் வேலைக் கோரிக்கைகளும் தலைமுறை கடந்து நீள்கின்றன. 2023 ஜூலையில் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே முறைப்படி கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டனர் உழவர். சென்னை உயர்நீதிமன்றமும் அச்செயல் குறித்து வேதனை தெரிவித்தது.

யாரையும் சமூதுக் கூட்டத்தோடு ஒப்பிட இவற்றை எழுதவில்லை. தீர்ப்பளிப்பவன் இறைவன், வழக்கை விசாரிக்க நீதிமன்றங்கள் இருக்கின்றன. அந்த மின்சாரத்தை நுகரும் நாமும் இக்கணக்கில் ஒரு தரப்பே. கேள்வி, பார்க்கின்ற நம்மைப் பற்றியது. வாதில் குராவில் ஒரு பெண்ணின் தோட்டத்தருகே நின்று, எத்தனை வஸக் விளையும் என்று கேட்டு, திரும்பி வந்தும் கேட்ட அண்ணலாரின் உம்மத்தினர் நாம். பக்கத்து ஊரில் பயிர் புதைந்தபோது, போய் நின்று, "எத்தனை மூட்டை விளைந்திருக்கும், அய்யா?" என்று கேட்டவர் நம்முள் எத்தனை பேர்? கைப்பேசியில் அக்காட்சியை ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தவர் எத்தனை பேர்? குறிஞ்சிப்பாடிக்கு அண்டையிலுள்ள வடலூரில், பசித்தவர்க்குச் சோறிடவென்று 1867இல் தருமசாலை நிறுவிய இராமலிங்க அடிகளார், பயிர் வாடுவதைக் கண்டு தாமும் நொந்தவர் என்று உலகம் போற்றுகிறது. பார்வை இரக்கமாய், இரக்கம் அடுப்பில் ஏறிய உலையாய் மாறிய ஊருக்குப் பக்கத்தில் வாழ்கிறோம் நாம்.

பெரியவருக்கும் பிள்ளைக்கும் இடையிலான வழக்குக்கு இப்போது வருவோம். பிள்ளை சொன்னதும் உண்மை; பெரியவர் அஞ்சியதும் முறையே. பார்க்கச் சொன்ன திருமறை, முடிவு எவ்வாறிருந்தது என்று பார்க்கச் சொல்கிறது. அம்முடிவைப் பார்த்தவனுக்குச் சிரிப்பு தானே அடங்கிவிடும், யாரும் அதட்டவேண்டியதில்லை. ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்தபின் செல்லத் துணிகிறவர்கள், அந்தப் பயணத்தின் ஒழுங்கையும் உடன் கொண்டு செல்லட்டும். கல்லறைகளின் முன் நெடிது நில்லாமல் தலைதாழ்த்திக் கடக்கட்டும். பேரீச்சந் தோப்பின் ஓரம் வண்டியை நிறுத்தி, அங்கே உழைப்பவருக்கு ஸலாம் சொல்லி, ஊர், பெயர், விளைச்சல் விசாரிக்கட்டும். மதீனா திரும்புகையில் உஹுது மலையைக் கண்குளிரக் காணட்டும். பிள்ளைகளுக்கு ஒட்டகத்தின் கதையைச் சொல்லும்போது, ஒட்டகத்தைக் கொன்றவனைப் பற்றி மட்டும் சொல்லாமல், சுற்றி நின்று பார்த்தவர்களைப் பற்றியும் சொல்லட்டும்.

செல்ல இயலாதவர்களுக்கும் குறையேதும் இல்லை. அண்ணலார் அல்ஹிஜ்ரின் கிணறுகளையெல்லாம் விலக்கி, ஒட்டகம் குடித்த கிணற்றை மட்டும் தோழர்களுக்குக் காட்டினார்கள். வாயில்லா ஜீவனுக்கு அதன் முறை கிடைத்த இடத்தில் மட்டுமே அன்று அவர்களுக்கும் நீர் கிடைத்தது. நம் ஊர்த் தெருக் குழாயடியிலும் கடைமடை வயலிலும் வாய்க்கால் தலைப்பிலும் இன்று யாருடைய முறை என்று கேட்கத் தெரிந்துவிட்டால், பார்க்கவேண்டியதைப் பார்த்தவர்களாவோம்.